குவளையில் நிறம் போனது, உப்பு போனதா?

கேள்வி: திருப்பூரில் சிறிய சாயப்பட்டறை நடத்துகிறேன். கிராஃபீன் ஆக்சைடு மெம்பரேன் (வடிபடலம்) போட்டால், உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வே தேவையில்லை என்கிறார் ஒரு விற்பனையாளர். கருநீலக் கழிவை ஊற்றிக் கண்ணாடிபோல் வடித்தும் காட்டினார். வாங்கலாமா?

பதில்: அந்தக் குவளையில், கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்தீர்களா? அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் உப்பு போடுகிறீர்கள். அது துணியில் தங்குவதில்லை, கழிவோடுதான் வருகிறது. நொய்யலோரத்து விவசாயிகளின் கிணறுகளைக் கெடுத்ததும், 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போனதும் வெறும் நிறத்தால் அல்ல.

கிராஃபீன் ஆக்சைடு என்பது ஓரணுத் தடிமனுள்ள கரித்தகடு. சீட்டுக்கட்டுபோல் அடுக்கினால், உலர்ந்த நிலையில் தகடுகளின் இடைவெளி சுமார் 0.8 நானோமீட்டர், நீரில் ஊறினால் 1.3ஐத் தாண்டும். உப்பிலுள்ள சோடியம் அயனியின் அகலம், நீர் போர்த்திய நிலையிலும் 0.7தான், நழுவிவிடும். ரியாக்டிவ் பிளாக் 5 என்ற கறுப்புச் சாயம் போன்றவற்றின் மூலக்கூறு பெரியது. அதோடு எதிர்மின்னூட்டம் கொண்டது. தகடும் அப்படியே என்பதால் தள்ளிவிடும்.

ஆகவே இது ஆர்.ஓ.வுக்கு மாற்று இல்லை. ஆனால் உப்பை விடுவதே இதன் சிறப்பு என்பேன். முதல் சாயக்குளியலின் கழிவை மட்டும் தனிக்குழாயில் பிரித்து இதில் விட்டால், சாயம் பின்தங்கி உப்புநீர் கிடைக்கும். காரத்தைச் சரிசெய்து அடுத்த சாயமேற்றலுக்கு அதை எடுக்கலாம். ஆர்.ஓ. ஒதுக்கி, ஆவியாக்கியில் காய்ச்ச வேண்டிய உப்புநீரும் குறையும். அலசல் தண்ணீர் வழக்கம்போல் ஆர்.ஓ.வுக்கே போகட்டும். (கரித்தூள் தொட்டி போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது சாயத்தை உறிஞ்சி நிறைந்ததும் அதுவே ஒரு கழிவு.)

விற்பனையாளரிடம் ஒன்றை அழுத்திக் கேளுங்கள்: தகடுகளைப் பிணைத்திருப்பது எது? வெறும் கிராஃபீன் ஆக்சைடு படலம் தண்ணீரில் பிரிந்துபோகும். ஆய்வகத்தில் அது நிலைத்து நின்றதற்கு, அடியிலிருந்த அலுமினா வடிதட்டிலிருந்து கசிந்த அலுமினிய அயனிகளே காரணம் என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். உங்கள் குளியலோ சோடா உப்பு சேர்ந்து பி.எச். 11ஐ ஒட்டி நிற்பது; காரம் தகடுகளை மேலும் விலக்கும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் சொந்தக் கறுப்புக் குளியல் கழிவை ஒரு மாதம் தொடர்ந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தினமும் வரும் நீரின் அளவையும், படலத்தைக் கழுவியபின் அந்த அளவு எவ்வளவு மீள்கிறது என்பதையும் உங்கள் ஆளே நோட்டில் குறிக்கட்டும்.