அறைக்கு அறை கேட்கும் ஓசை

கேள்வி: எங்களுடையது ஓட்டு வீடு. அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் 4 அங்குலச் சீமெந்துக் கல்லால் கட்டப்பட்டவை. ஹோலின் நடுச்சுவரில் தொலைக்காட்சியைப் பொருத்தியிருக்கிறோம். அதற்கு அடுத்த அறையில் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். முட்டை மட்டைகளைச் சுவரில் ஒட்டினால் சத்தம் நின்றுவிடும் என்கிறார்களே, சரிதானா?
- வாசகி, கொக்குவில்

பதில்: முட்டை மட்டை வேண்டாம். அது அறைக்குள் எழும் எதிரொலியைச் சற்றுக் குறைக்குமே தவிர, பாரமில்லாத பொருளாகையால் மறுபக்கத்து ஓசையை மறிக்காது. ஓசையை மறிக்கப் பாரமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். இரு பக்கமும் ஒழுங்காகப் பூசிய கற்சுவருக்குப் பாரம் போதும். ஆகவே உங்கள் வீட்டில் ஓசை பெரும்பாலும் சுவருக்கு மேலாலும் கதவாலுமே வருகிறது என்று கருதுகிறேன்.

சீலிங்குக்கு மேலே ஒருவரை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டு வீடுகள் பலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடாமல் இடையிலேயே நின்றுவிடும். தொட்டிருந்தாலும், கண்ணில் படாத இடந்தானே என்று பூசாமல் விட்ட கற்களும் சாந்து நிரம்பாத பொருத்துகளும் அங்கே அப்படியே இருக்கும். சுவர்ப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மிகுதி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு ஏறத்தாழ 20 டெசிபலைத் (டெசிபல் என்பது ஓசையை அளக்கும் அலகு) தாண்டாது; பேச்சொலியை மறிக்க அது போதாது. எனவே மேசன் வேலைகளில் முதலாவதாக அச்சுவரை ஓடுவரை எழுப்பி, இரு பக்கமும் பூசுவியுங்கள். சீலிங் பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால் அதை அறுக்கவோ துளைக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு.

கதவு உள்ளே வெறுமையான பலகைக் கதவாக இருந்தால் பாரமான மரக்கதவாக மாற்றி, நிலையைச் சுற்றியும் அடியிலும் றப்பர் பட்டி ஒட்டலாம். கதவுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளையும் அடைக்க வேண்டும். ஆனால் நமது வெக்கையில், வெளிப்பக்க யன்னல் உள்ள அறையில் மட்டுமே அதைச் செய்யுங்கள்.

இவற்றின் பின்னும் போதாவிட்டால், பழைய சுவரைத் தொடாதபடி சிறிது இடைவெளி விட்டு இரும்புத் தகரச் சட்டகம் நிறுத்தி, உள்ளே றொக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) வைத்து, இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை அடித்து, விளிம்புகளை முற்றாக அடைப்பதே முறையான வழி. மரச்சட்டம் கறையானுக்கு இரையாகும். நிலத்தீரம் ஏறும் சுவரென்றால் ஈரத்தை நிறுத்திய பின்பே ஜிப்சத்தை நினைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், தொலைக்காட்சியை அந்த நடுச்சுவரிலிருந்து கழற்றி வேறு சுவருக்கு மாற்றுங்கள். அதன் அதிர்வு நேரே கல்லுக்குள் இறங்குகிறது. மகளின் பரீட்சைக் காலத்தில் மேசனைத் தேடி அலையாமல் இன்றே செய்யக்கூடிய வேலை இது.