சோழி நாறினால் என்ன செய்வது?

மொரீசியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: பெரேபேரில் கடல் குளிக்கப் போனபோது பிள்ளைகள் மஞ்சளாய், பளபளவென்று ஒரு கை நிறையச் சோழி எடுத்து வந்தார்கள், தாயம் ஆட ஆகுமே என்று ஜன்னலோரம் வைத்தேன், இப்போது வீடெல்லாம் நாற்றம், வினிகரில் ஊறவைத்தால் போகுமா?

வினிகர் வேண்டவே வேண்டாம். சோழி ஓடு சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் நுரை தள்ளிக் கரையும், மேல் மெருகு ஒரு தடவை போனால் போனதுதான். கொதிக்கும் நீரிலும் போடாதீர்கள், மயிரிழை போல விரிசல் விடும். ஜாவெல், அதாவது துணி வெளுக்கும் பிளீச், ஊற்றினால் நாற்றம் கொஞ்சம் அடங்கலாம், ஆனால் அது உள்ளே இருக்கும் சதையை வெளியே கொண்டு வராது. ஜாவெலும் வினிகரும் ஒன்றாய்ச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும், அதனால் அந்த யோசனையே வேண்டாம்.

நாற்றத்துக்குக் காரணம், பிள்ளைகள் எடுத்தது உயிரோடு இருந்த சோழி. செத்துக் கரை ஒதுங்கியது இப்படிப் பளபளக்காது. சோழிப் பூச்சிக்கு மென்மையான இரண்டு மடிப்புத் தோல் உண்டு, பல் வைத்த அந்த வாய்ப் பிளவு வழியாக இரு பக்கமும் வெளியே வந்து முதுகு வரை ஏறி ஓடு முழுவதையும் போர்த்திக்கொள்ளும். மெருகு பூசுவதும் அதுதான், பாசியோ கொட்டலசோ ஒட்டாமல் காப்பதும் அதுதான். தொட்டால் தோலை உள்ளே இழுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் பார்ப்பவருக்கு வெறும் ஓடு கிடப்பது போலத்தான் தெரியும். மற்ற பல நத்தைகளுக்கு இருப்பது போல வாயை அடைக்கும் மூடியும் இதற்குக் கிடையாது, அதனால் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அது எந்தச் சோழி என்று படம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம், ஓரம் புடைத்துக் கோணல்மாணலாக இருந்தால் பணச்சோழி, 1758இல் ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயர் வைத்த மொனட்டேரியா மொனட்டா. முதுகில் ஆரஞ்சு வளையம் இருந்தால் அதன் தம்பி, மோதிரச் சோழி. இரண்டுமே ஆழமில்லாத தண்ணீரில், கல்லடியிலும் செத்த பவளத்தின் இடுக்கிலும் பாசி மேய்ந்து வாழ்பவை.

சரி, சுத்தம் செய்யும் வழி. கொண்டை ஊசியால் நோண்டிப் பயனில்லை, ஓடு உள்ளுக்குள் சுருண்டு போகிறது, சதை கடைசிச் சுருளில் போய் ஒளிந்திருக்கும். 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவுக்குப் போன மொராக்கோப் பயணி இபன் பதூதா எழுதியிருக்கிறார், அங்கே சோழியைக் கடற்கரைக் குழியில் போட்டு வைப்பார்கள், சதை மக்கிப் போய் வெள்ளை ஓடு மட்டும் மிஞ்சும் என்று. காசாகப் புழங்கிய சோழிக்கே அதுதான் வைத்தியம் என்றால் நமக்கும் அதுவே போதும். தோட்டத்தில், வீட்டைவிட்டுத் தள்ளி, ஒரு வாளி ஈர மணலில் வாய் கீழே பார்க்கும்படி புதைத்து நாய் கிளறாமல் மூடி வையுங்கள். அவசரப்படாமல் சில வாரம் விட்டுவிட்டு எடுத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் வாய்க்குள் தண்ணீர் பீய்ச்சி உதறுங்கள். நாற்றம் இன்னும் இருந்தால் திரும்பப் புதையுங்கள். முடிந்ததும் நிழலில் காயவையுங்கள், வெயில் நிறத்தைத் தின்றுவிடும். பிறகு துணியில் ஒரு சொட்டு பேபி ஆயில், அவ்வளவுதான்.

இனி எடுக்காதீர்கள். உயிருக்காக மட்டும் சொல்லவில்லை, மொரீசியஸில் கடலிலிருந்து பவளமும் சங்கு சோழியும் எடுக்கத் தடை இருக்கிறது, புளூ பே போன்ற கடல் பூங்காவில் கேட்கவே வேண்டாம். தாயம் ஆடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்தால் போதும், நம் பாட்டிகள் அப்படித்தான் ஆடினார்கள்.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லி வையுங்கள். சோழி போலவே அழகான, ஆனால் ஐஸ்கிரீம் கோன் வடிவச் சங்கு கண்ணில் பட்டால் கை வைக்கக் கூடாது. கூம்புச் சங்குகள் விஷ ஈட்டியால் குத்தும், அதில் ஜியாகிரஃபி கோன் என்ற வகை குத்தி மனிதர் இறந்ததும் உண்டு, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. குத்தியது போல் சந்தேகம் வந்தாலே வலி இல்லாவிட்டாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.