ஜொகூர் கூலாயிலிருந்து ஒரு நாள் சிங்கப்பூர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, முட்டிவலி. தோட்டத்தை (எஸ்டேட்டை) விட்டு அதிகம் வெளியே போனதில்லை. ஒரே நாளில் சிங்கப்பூரைக் காட்டிவிடலாமா?

பதில்: தாராளமாகக் காட்டலாம். எல்லாவற்றையும் காட்டத்தான் நினைக்கக் கூடாது. ஒரு கோயில், நல்ல சாப்பாடு, கொஞ்சம் கடல்காற்று போதும். விடியுமுன் கிளம்பி ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரலில் உட்லண்ட்ஸ் போகும் 950 பஸ் எடுங்கள். இரு பக்கக் குடிநுழைவுச் சாவடியிலும் பையோடு இறங்கி நடக்க வேண்டும், அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். உட்லண்ட்ஸிலிருந்து தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் ரயில் மாறாமலே மேக்ஸ்வெல் நிலையம் போகலாம், கார்டன்ஸ் பை தி பே பூந்தோட்டமும் அதே தடம். முட்டிவலிக்காரர்களுக்கு நான் சொல்வது எப்போதும் இந்த வழிதான்.

கேள்வி: கோயில் என்றால் எது? எத்தனை மணிக்கு?

பதில்: சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில். மேக்ஸ்வெல்லிலிருந்து நடை தூரம். பகல் 12 மணிவாக்கில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் முதலில் இங்கேயே போய்விடுங்கள். 1819-இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-இல் எழுப்பிய கோயில் இது. அப்போது பலகையும் அத்தாப்பு ஓலையும்தான்! நம் தோட்டத்துப் பழைய மாரியம்மன் கோயில்களை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பலிறங்கிய தமிழர்கள் வேலை கிடைக்கும்வரை தங்கியதும் இங்கேதான். கோபுரத்தைப் படம்பிடித்ததும் திரும்பிவிடாதீர்கள். உள்ளே அம்மாவை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லுங்கள். பிறகு சைனாடவுனில் ரயிலேறினால் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. மதியச் சாப்பாட்டை அங்கே தேக்கா சந்தையில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிள்ளைகள் கப்பல் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மெர்லயன் (சிங்கத்தலை மீன்) சிலைக்குப் போனால் தெரியுமா?

பதில்: தெரியாது. மெர்லயன் முன்னால் இருப்பது இப்போது கடலே இல்லை. 2008-இல் திறந்த மரினா தடுப்பணை கடலை மறித்து அதை நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டது. அந்தத் தடுப்பணையின் புல்மாடிக்கே ஏறுங்கள், காசு கிடையாது. ஏறுவதும் சாய்தளம்தான், படியில்லை. ஒரு பக்கம் உயர்ந்த கட்டடங்கள், மறுபக்கம் நீரிணையில் நங்கூரமிட்ட கப்பல்கள். வெயில் தாழ்ந்தபின் போனால் பட்டமும் விடலாம். அங்கிருந்து கார்டன்ஸ் பை தி பே பக்கம். இரவு 7.45-க்கு அங்குள்ள ராட்சதச் செயற்கை மரங்களின் ஒளிக்காட்சி, அதுவும் இலவசம்.

கேள்வி: சொந்தக் காரில் போகலாமா?

பதில்: வேண்டாம். அனுமதி, கட்டணம், பார்க்கிங், பாலத்து நெரிசல் எல்லாம் சேர்ந்து பாதி நாளைத் தின்றுவிடும்.

கேள்வி: பாட்டி வெற்றிலைப் பெட்டி இல்லாமல் வரமாட்டார். சிக்கல் வருமா?

பதில்: வெற்றிலையால் இல்லை, மெல்லும் புகையிலையால் வரும். சிங்கப்பூரில் அதற்குத் தடை. முதல்நாளே பெட்டியைத் திறந்து பாருங்கள். வேப் (மின்சிகரெட்), சூயிங்கம் கூடாது. சிகரெட் ஒன்று கொண்டுபோனாலும் வரி உண்டு. பாஸ்போர்ட்டோடு எஸ்ஜி அரைவல் கார்டும் (சிங்கப்பூர் வருகை அட்டை) ஆளுக்கு ஒன்று வேண்டும். போகும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறை இணையத்தளத்திலேயே நிரப்புங்கள். அது இலவசம், காசு கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.