கேள்வி-பதில்: பித்தளைக் குழலும் கல்லாய்ப் போன ரப்பரும்

பழைய கிராமபோனின் ஓசையைச் சீராக்குவது பற்றிக் கடிதங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

ஒரு ஊசியை எத்தனை பாட்டுக்குப் போடலாம்? கடைக்காரர் ஐம்பது பாட்டு தாங்கும் என்கிறார்.
— சு., திண்டுக்கல்

ஒரு ஊசி, ஒரு பக்கம். அவ்வளவுதான். ஐம்பது என்று சொன்னவரிடம் ரிக்கார்டும் வாங்காதீர்கள்.

தாத்தா வைத்திருந்த எச்.எம்.வி. 101 சூட்கேஸ் கிராமபோன் எங்களிடம் இருக்கிறது. ஊசி மாட்டும் வட்டப் பெட்டியான சவுண்ட் பாக்ஸில் நம்பர் 4 என்று போட்டிருக்கிறது. சுந்தராம்பாள் மேல்ஸ்தாயிக்குப் போனால் ‘ஜிர்ர்’ என்று அதிர்கிறது. கீழே பாடுவது கேட்பதே இல்லை. சவுண்ட் பாக்ஸையே மாற்றவேண்டும், 6,500 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
— வா., மதுரை

வேண்டாம். உங்களிடம் இருப்பது நல்ல சவுண்ட் பாக்ஸ். கழற்றிய பாக்ஸை அந்த மெக்கானிக் என்ன செய்வார் என்றும் யோசித்துப் பாருங்கள்.

இந்த மாதிரி கிராமபோனில் கரண்ட் கிடையாது, சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகும் கிடையாது. பள்ளத்தில் ஊசி ஆடுகிறது. அந்த ஆட்டத்தை ஒரு சின்ன நெம்புகோல் சவுண்ட் பாக்ஸுக்குள் இருக்கும் மைக்கா (அபிரகம்) தகட்டின் நடுவுக்குக் கொண்டுபோகிறது. தகடு தள்ளும் காற்றுதான் குழல் வழியாகப் பாட்டாக வருகிறது. தகட்டின் விளிம்பை இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் வளையம் பிடித்திருக்கவேண்டும். 101 மாடல் வந்தது 1925-இல். 1931-இல் 102 வந்து அதன் இடத்தைப் பிடித்தது. இடையில் யாரும் மாற்றவில்லை என்றால் உங்கள் பாக்ஸுக்குள் இருக்கும் ரப்பருக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல். கல்லாய்ப் போயிருக்கும். இறுகிய ரப்பருக்குள் தகடு விறைத்துக்கொள்ளும், விளிம்பில் காற்றும் கசியும். நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் அங்கிருந்துதான் வருகின்றன.

பாக்ஸைத் திறந்து பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிருதுவான மெல்லிய ரப்பர் குழாயை வளையமாக வெட்டி வைக்கவேண்டும். வெட்டிய இரண்டு முனையும் தொட்டுக்கொண்டு நிற்கவேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் தவறு, இடைவெளி விட்டாலும் தவறு. சைக்கிள் கடை வால்வ் டியூபைக்கூடச் சிலர் போடுகிறார்கள். கனம் பொருந்தினால் சரி, திணித்து அடைத்தால் பழையபடி அதிரும். தகடு நடுவில் உட்காரவேண்டும். நெம்புகோல் தகட்டைத் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. திருகு மாட்டும் துளையில் ஒரு சொட்டு தேன்மெழுகு விட்டால் கசிவு நிற்கும். சவுண்ட் பாக்ஸ் அதைத் தாங்கும் உலோகக் கையோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பரையும் கூடவே மாற்றிவிடுங்கள். பிறகு ஊசியைப் போட்டு, விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். குழலிலிருந்து ‘டப்’ என்று திடமாக வந்தால் வேலை முடிந்தது.

பொருள் செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். வேலையை உங்கள் கண்முன்னால் செய்யச் சொல்லுங்கள். புது மைக்கா என்று சொல்லி ஒரு வியாபாரி எனக்குப் பிளாஸ்டிக் தகட்டை மாட்டிக் கொடுத்தார். பாட்டெல்லாம் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் வந்தது. மைக்காவை விளிம்பில் பார்த்தால் ஏடு ஏடாகத் தெரியும். பிளாஸ்டிக்கில் அது இருக்காது.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். ரிக்கார்டு மங்கிப் பிசுபிசுத்துவிட்டது. ‘எல்லா ரிக்கார்டுக்கும்’ என்று பாட்டிலில் அச்சடித்திருந்தது.
— மு., ஈரோடு

உங்கள்மேல் தவறில்லை. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய ரிக்கார்டு அரக்கால் ஆனது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அப்படித்தான் கரைக்கிறார்கள். வினைல் தட்டுக்கு ஆகும் திரவத்தை ‘எல்லாவற்றுக்கும்’ என்று விற்றது பொய். பாட்டிலையும் பில்லையும் வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். மீதி ரிக்கார்டுகளுக்குப் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு மிதமான சோப்பு போதும். லேபிள் நனையாமல், பள்ளம் ஓடும் திசையிலேயே துடைத்து உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். ‘1915 ஒரிஜினல் எச்.எம்.வி., இங்கிலாந்து’ என்ற விளம்பரத்தைப் பார்த்து இணையத்தில் 18,500 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டுக்கோணப் பெட்டி, பெரிய பித்தளைக் குழல், முன்னால் நாய் படம் பதித்த பித்தளைத் தகடு. பார்க்க அழகாக இருக்கிறது. பாட்டு தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் வருகிறது. எதை மாற்றினால் சரியாகும்?
— கோ., கும்பகோணம்

ஐயா, எதை மாற்றினாலும் இது சரியாகாது. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். படங்களையும் பார்த்தேன், சந்தேகமே இல்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வியாபாரம் பல வருடமாக நம் நாட்டில் நடக்கிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. புது மரத்தில் பெட்டி அடித்துக் கறுப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். மெல்லிய பித்தளைத் தகட்டில் குழல் செய்து மினுக்குகிறார்கள். மோட்டார் மட்டும் பழையது. அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? மேலே மதுரை வாசகர் எழுதியிருக்கிறாரே, அந்த மாதிரிச் சூட்கேஸ் கிராமபோனிலிருந்து. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பெட்டியைக் காயலான் கடை விலைக்கு வாங்கி, உடைத்து, மோட்டாரை உருவி, பாடவே பாடாத ஒரு பொம்மைக்குள் வைக்கிறார்கள். வாங்கியவருக்குப் பணம் போகிறது. கூடவே ஒரு நல்ல கருவியும் அழிகிறது. எனக்கு ஆறாத கோபம் இது.

இனி வாங்கப்போகிறவர்கள் கவனிக்கவேண்டியவை: நாய் படம் அசல் எச்.எம்.வி.யில் பெரும்பாலும் மரத்தின் மேல் ஒட்டிய மெல்லிய வண்ணப்படமாக இருக்கும். ஆணி அடித்த பித்தளைத் தகட்டைக் கண்டால் உஷாராகுங்கள். குழலையும் கையையும் தாங்குவது பெட்டியின் பின்புறம் உள்ள கனமான வார்ப்பு இரும்புத் தாங்கி. போலியில் அந்த இடத்தில் தடிமனான வளைந்த பித்தளைக் குழாயைப் பற்றவைத்திருப்பார்கள். அந்தக் கால அசல் குழல்களில் பல, வண்ணம் பூசிய இரும்புத் தகடு, சிலது மரம். கண்ணைக் கூசும் பித்தளை என்றாலே பழமை என்று நினைப்பதைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள்.

ஓசை கெட்டதற்கும் காரணம் அதே இடத்தில்தான். மூட்டுகளில் காற்று கசிகிறது. கையின் நீளமும் வளைவும் கணக்கில்லாமல் வைத்தவை, அதனால் ஊசி பள்ளத்தோடு நேராக ஓடாமல் ஒரு சுவரை உரசிக்கொண்டே போகிறது. ஊசி சரியாக எப்படி ஓடவேண்டும் என்று 1924-லேயே இங்கிலாந்தில் பெர்சி வில்சன் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். நூறு வருடம் கழித்து அதைக் கண்டுகொள்ளாமல் செய்து 18,500 ரூபாய் வாங்குகிறார்கள். நல்ல ரிக்கார்டு எதையும் இதில் போடாதீர்கள், பள்ளத்தை அரைத்துவிடும்.

பணத்துக்கு வருவோம். விளம்பரத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அது இருக்காது. பில், பணம் செலுத்திய விவரம், விற்றவர் எழுதிய செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருடச் சட்டப்படி விற்றவர் ஊருக்கு அலையவேண்டாம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தஞ்சாவூரிலேயே, புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காலக்கெடு 2 வருடம். ‘ஒரிஜினல்’ என்று எழுதி விற்றிருக்கிறார். உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

புளூடூத் வசதியுள்ள ‘கிராமபோன்’ வாங்கினேன். குழலிலிருந்து சத்தமே வரவில்லையே?
— பெயர் வேண்டாம், கோவை

வராது. ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கிறது, குழல் அலங்காரம்.

அம்மாவின் எம்.எஸ். எல்.பி. தட்டைப் பழைய கிராமபோனில் போட்டுப் பார்த்தேன். ஒரே இரைச்சல். இப்போது புது பிளேயரில் போட்டாலும் இரைகிறது. கிராமபோனில் ஏதாவது பழுதா?
— ஜெ., சென்னை

கிராமபோனில் பழுதில்லை. தட்டைத்தான் நீங்கள் அழித்துவிட்டீர்கள். எல்.பி. என்பது மெல்லிய பள்ளம் உள்ள வினைல், 33⅓ சுற்று. அதன்மேல் இரும்பு ஊசியையும் நூறு கிராமுக்கு மேல் கனமுள்ள சவுண்ட் பாக்ஸையும் இறக்கினீர்கள். லேபிளில் சுற்று அச்சிட்டிருக்கும், படித்திருக்கலாம். பிறகாவது நிறுத்தினீர்களா என்றால், இரண்டாம் பக்கத்தையும் போட்டதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். உரசிப்போன பள்ளம் திரும்ப வராது.

குழல் பெரிதாக இருந்தால் ஓசை நன்றாக இருக்கும் என்பது உண்மையா?
— கல்லூரி மாணவி, திருச்சி

பாதி உண்மை. கீழ்ஸ்தாயி வர நீளமான குழலும் அகலமான வாயும் வேண்டும். ஆனால் குழல் எப்படி விரிகிறது என்பதுதான் முக்கியம். ஆரம்பத்தில் அதைக் கண்ணால் பார்த்தே செய்தார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ்ஃபீல்டும் ஹாரிசனும் தொலைபேசிக் கம்பிகளுக்குப் போட்ட கணக்கையே ஊசி, நெம்புகோல், தகடு, குழல் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டார்கள். ஒரு உறுப்பிலிருந்து அடுத்ததற்கு ஆற்றல் வீணாகாமல் போகவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். குழல் ஒரே விகிதத்தில் பெருகிக்கொண்டே போகவேண்டும் என்று வந்தது. அத்தனை நீளத்தைப் பெட்டிக்குள் மடித்து வைத்து விக்டர் கம்பெனி 1925-இல் ஆர்த்தோஃபோனிக் விக்ட்ரோலாவை இறக்கியது. ஏறத்தாழ 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை பாடியது. தடித்த மைக்காவுக்குப் பதில் மடிப்பு வைத்த மெல்லிய அலுமினியத் தகடு. அதே வருடம் மைக் வைத்து மின்சாரத்தில் பதிவு செய்வதும் தொடங்கியது. ரிக்கார்டும் கருவியும் ஒன்றாக முன்னேறிய வருடம் அது. எச்.எம்.வி. 1927-இல் தன் மடிப்புக் குழல் பெட்டிகளைக் கொண்டுவந்தது. வெளியே பார்த்தால் வெறும் மர அலமாரி, பித்தளை கண்ணில் படாது. கேட்டவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

‘பழைய ஸ்டாக், பிரிக்காத டப்பா’ என்று ஊசி விற்கிறார்கள். வாங்கலாமா? புது ஊசியே போதுமா?
— அ., நாகர்கோவில்

புதிதே வாங்குங்கள். பழைய தகர டப்பாவுக்கு மதிப்பு டப்பாவுக்காகத்தான். ஒரு பழைய சாமான் சந்தையில் பிரிக்காதது என்று சொல்லி எனக்கு விற்ற டப்பாவில் இருந்தது முழுக்க ஓட்டித் தீர்த்த ஊசிகள். முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். புது ஊசியின் முனை உருண்டு கூராக இருக்கும். ஓடின ஊசி இரண்டு பக்கமும் தேய்ந்து உளியாக நிற்கும். அரக்குத் தட்டில் கல்தூள் கலந்திருக்கிறது. முதல் சில சுற்றுகளில் அது ஊசியைப் பள்ளத்துக்கு ஏற்றபடி தீட்டிவிடும். மூன்று நிமிடப் பாட்டு முடிவதற்குள் ஊசியின் வேலை முடிந்துவிடும். அடுத்த தட்டில் போட்டால் அந்த உளி பள்ளத்தைச் செதுக்கும். சத்தம் குறையவேண்டுமானால் மெல்லிய ஊசி, கூடவேண்டுமானால் தடித்த ஊசி. குழலுக்குள் துணி அடைக்கவேண்டாம்.

கிட்டப்பா குரல் கீச்சென்று கேட்கிறது. சிலசமயம் நடுவில் இழுக்கவும் செய்கிறது.
— தி., காரைக்குடி

வேகம் கூடுதலாக ஓடுகிறது. 78-க்குப் பதில் 82, 83 சுற்று ஓடினாலே அரைக் கட்டை ஏறிவிடும். வேகம் பார்ப்பதற்கென்று 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் தாளைத் தட்டின்மேல் வைத்து, பழைய சோக் வைத்த டியூப் லைட் வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் அசையாமல் நிற்கும் இடத்தில் வேகத் திருகை நிறுத்துங்கள். எல்.இ.டி. விளக்கில் பெரும்பாலும் தெரியாது. பாட்டு ஓடும்போதே பாருங்கள், ஊசி இறங்கினால் வேகம் கொஞ்சம் குறையும். இழுப்பதற்குக் காரணம் கெட்டியாகிப்போன பழைய கிரீஸ். மோட்டாரைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். மோட்டாரின் சுருள்வில் இருக்கும் டப்பாவை மட்டும் நீங்களே திறக்காதீர்கள், சுருள் தெறித்தால் விரல் போய்விடும்.

இனி கிராமபோன் வேண்டாம், 78-ஐப் புது டர்ன்டேபிளில் கேட்கலாம் என்றிருக்கிறேன். ‘33, 45, 78’ என்று போட்ட மாடல் எடுத்தால் போதுமா?
— ந., சேலம்

போதாது. 78 சுற்று சுழலும், ஆனால் மாட்டியிருப்பது எல்.பி. ஊசியாக இருக்கும். அதன் முனை 78-இன் அகன்ற பள்ளத்தில் அடியில் போய் அழுக்கைத்தான் வாசிக்கும். 3 மில், அதாவது சுமார் 76 மைக்ரான் முனையுள்ள ஊசி அந்த மாடலுக்குத் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். மோனோவில் கேளுங்கள், ஸ்டீரியோவில் விட்டால் பாட்டு கூடாது, இரைச்சல்தான் கூடும். ஊசியை மாற்ற முடியாத மாடல் என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.