லொக் ஓஃப் செய்தால் சேர்வர் விழுகிறது: கேள்வி பதில்

திருகோணமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சிறிய அலுவலகங்களின் சேர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். தொலைவிலிருந்து சேர்வரில் நுழைந்து வேலை செய்யும் ரிமோட் டெஸ்க்டொப் இணைப்பை முடிக்கும் நேரத்தில் சேர்வர் விழுந்துவிடுகிறது என்று இம்முறை பலர் எழுதியிருக்கிறீர்கள். முறைப்பாடு ஒன்றுதான், நோய்கள் வெவ்வேறு.

உவர்மலையிலிருந்து ஒரு கணக்காளர்: ஐயா, எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர் விண்டோஸ் சேர்வர் 2016 இல் இணைந்து வேலை செய்கிறோம். மாலையில் யாராவது லொக் ஓஃப் செய்தால் நீலத்திரை வந்து சேர்வர் தானாக மறுபடி தொடங்குகிறது. ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போனால் ஒன்றும் ஆவதில்லை. சேர்வரை விற்றவர் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்கிறார். செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம், தங்கச்சி. பாதி விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஜன்னலை மூடுவது டிஸ்கனெக்ட் மட்டுமே. உங்கள் அமர்வு, திறந்த கோப்புகளோடு சேர்வரின் நினைவகத்தில் அப்படியே உயிரோடு இருக்கிறது. லொக் ஓஃப் செய்யும்போதுதான் விண்டோஸ் அந்த அமர்வைக் கலைக்கிறது: நிரல்களை மூடுகிறது, உங்கள் பயனர் விவரத்தை விடுவிக்கிறது, உங்கள் கணினியிலிருந்து வந்த பிரிண்டரையும் டிரைவ்களையும் கழற்றுகிறது, அந்த அமர்வுக்காக வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தரும்படி, திரை, பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் சிறு நிரல்களான டிரைவர்களைக் கேட்கிறது. ஏதாவது ஒரு டிரைவர் திருப்பித் தராவிட்டாலோ, திருப்பித் தந்த இடத்தை மறுபடி தொட்டாலோ, தரவு கெட்டுப்போகாமல் இருக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் நீலத்திரை அதுதான்.

விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான இவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து 41 ஆம் இலக்க நிகழ்வைப் பாருங்கள். அதன் விவரத்தில் பக்செக் கோட் என்று ஓர் எண் இருக்கும். அது 171 என்றால், அமர்வு முடிந்த பிறகும் ஒரு டிரைவர் அந்த அமர்வின் நினைவகத்தைப் பிடித்து வைத்திருந்தது என்று பொருள். முதல் சந்தேகம் திரை டிரைவர் மீது. அடுத்தது விண்டோஸின் சொந்தக் கோப்புகள் மீது. ஆகவே நிலுவையில் உள்ள அப்டேட்களை முதலில் போடுங்கள். 59 எந்த வகை டிரைவர் என்று காட்டாது, ஆகவே வலையை அகலமாக வீச வேண்டும்: வைரஸ் தடுப்பு மென்பொருளும் அதில் அகப்படலாம்.

பெயரைச் சொல்லக்கூடிய சாட்சி, விழுந்த நேரத்து நினைவகத்தின் நகலான மெமரி டம்ப் கோப்பு. சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும். அடுத்த விழுகை அதன் மேலேயே எழுதிவிடும் என்பதால் உடனே வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபக் என்ற ஆய்வுக் கருவி மூலம் திறந்து அனலைஸ் கட்டளை கொடுத்தால் ஒரு டிரைவரின் பெயர் வரும். அந்தப் பெயரைக் கண்டவுடன் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். வேறொன்று கெடுத்து வைத்த இடத்தில் அந்த டிரைவர் போய்த் தடுக்கி விழுந்ததாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று டம்ப்களில் அதே பெயர் வந்தால் நம்பலாம்.

விண்டோஸை அழித்தால் இந்தச் சாட்சியும் அழியும். பத்து வருடங்களுக்கு முன் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நானே அந்தத் தவறைச் செய்தேன். இரண்டு இரவு விழித்துப் புதிதாகப் போட்டேன். மூன்றாம் நாள் மாலை சேர்வர் மறுபடி விழுந்தது. தொலைவிலிருந்து உதவுவதற்கான ஒரு பழைய மென்பொருள் தன் திரை டிரைவரைப் போட்டிருந்தது. அதை நானே என் கையால் மீண்டும் நிறுவியிருந்தேன். அந்தக் கடைக்காரரின் இரண்டு நாள் வியாபாரத்தை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

கிண்ணியாவிலிருந்து: பிரிண்டர் இணைத்தவர் லொக் ஓஃப் செய்தால் சேர்வர் கிராஷ் ஆகிறது. அதன் பிறகு யாராலும் பில் அச்சிட முடியவில்லை. மற்ற வேலைகள் நடக்கின்றன.

மற்ற வேலைகள் நடந்தால் சேர்வர் விழவில்லை. அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பிரின்ட் ஸ்பூலர் சேவை மட்டும் விழுந்திருக்கிறது. சேவைகள் பட்டியலில் அதை மறுபடி தொடங்கினால் உடனே பில் வரும். நிரந்தரத் தீர்வுக்கு, விண்டோஸின் விதிகளை அமைக்கும் குரூப் பொலிசியில், பிரிண்டர்களுக்குப் பொதுவான ஈஸி பிரின்ட் டிரைவரை முதலில் பயன்படுத்தும்படி அமைத்து, பிரிண்டர் நிறுவனங்களின் தேவையற்ற டிரைவர்களைச் சேர்வரிலிருந்து நீக்குங்கள்.

நிலாவெளி விடுதி ஒன்றிலிருந்து: அண்ணா, மாலை ஆறு மணியளவில் வரவேற்பு மேசையின் இணைப்பு அறுந்து, சேர்வர் மறுபடி தொடங்குகிறது. நீலத்திரை இல்லை, டம்ப் கோப்பும் இல்லை. 41 ஆம் நிகழ்வில் எண் 0.

தம்பி, 0 என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்க நேரமே கிடைக்கவில்லை. மின்சாரம் போயிருக்கும், அல்லது இயந்திரம் அடியோடு உறைந்திருக்கும். இணைப்பு முடிந்ததால் சேர்வர் விழவில்லை. சேர்வர் விழுந்ததால்தான் இணைப்பு முடிந்தது. மாலை ஆறு மணிக்கு விடுதியில் குளிரூட்டிகளும் விளக்குகளும் ஒன்றாக எழும், ஜெனரேட்டருக்கு மாற்றுவதும் அப்போதுதான் என்றால் யூபிஎஸ் பற்றரியைச் சோதியுங்கள். சேர்வரை முறையாக நிறுத்திவிட்டு, அதே அளவு மின்சாரம் இழுக்கும் வேறு பொருளை யூபிஎஸ்ஸில் மாட்டி, சுவர்ப் பிளக்கைக் கழற்றுங்கள். சில வினாடிகளில் அணைந்தால் காரணம் கையில். கடற்கரைக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் சேர்வர் அறையின் ஜன்னலையும் மூடியே வையுங்கள். உப்புக்காற்று மின்விசிறியையும் நினைவக அட்டையின் முனைகளையும் அரிக்கிறது.

மூதூரிலிருந்து: இரவு முழுதும் ஓட வேண்டிய நிரல், நான் வெளியேறியதும் நின்றுவிடுகிறது.

லொக் ஓஃப் செய்தால் அந்த அமர்வின் நிரல்கள் எல்லாம் மூடப்படும். பழுதல்ல. குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரில் அந்த நிரலை, பயனர் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் இயங்கும்படி அமையுங்கள்.

உப்புவெளியிலிருந்து: எங்கள் சேர்வர் சில நாட்களில் மாலையில் முழுதாக அணைந்துவிடுகிறது. 1074 ஆம் நிகழ்வு பதிவாகிறது.

பெரும்பாலும் யாரோ அதை முறைப்படி அணைக்கிறார். 1074 இன் விவரத்தில் பயனர் பெயரே இருக்கும். ஆனால் பெயரைக் கண்டு ஊழியரைக் கடிந்துகொள்ளாதீர்கள். லொக் ஓஃப்பும் ஷட் டவுனும் அருகருகே இருக்கின்றன, வீட்டுக் கணினியை அணைக்கும் பழக்கத்தில் கை போய்விடும். சேர்வரை அணைக்கும் உரிமை சாதாரணப் பயனருக்கு இயல்பாகக் கிடையாது. உங்கள் ஊழியர்கள் எல்லோரும் நிர்வாகி கணக்கில் நுழைகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சாதாரணக் கணக்கு கொடுங்கள்.

நகரிலிருந்து: சேர்வர் 2008 ஆர்2. வீட்டிலிருந்து நுழைவதற்காக ரௌட்டரில் ரிமோட் டெஸ்க்டொப்பின் வாசலான 3389 ஆம் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறோம். யாரும் இணைந்திராத நேரத்திலும் நீலத்திரை வருகிறது.

இன்றே அந்தக் கதவை மூடுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். ரிமோட் டெஸ்க்டொப்பில் இருப்பதாக 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை உங்கள் பதிப்பையும் பாதிக்கிறது. அதைப் பயன்படுத்தி நுழைய முயன்று தோற்கும் தாக்குதலே நீலத்திரையை வரவழைக்கும். அந்த ஓட்டையை அடைக்கும் பச் உங்கள் சேர்வரில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதிப்புக்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 உடன் முடிந்துவிட்டது, ஆகவே புதிய பதிப்புக்கு மாறும் நாளையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை வெளியிலிருந்து வருபவர்கள் விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டும் வரட்டும். நிர்வாகி கடவுச்சொற்களை மாற்றி, தரவின் ஒரு நகலைச் சேர்வரோடு இணைக்கப்படாத டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.