மட்டையும் கொப்பும் அரைக்க எந்த மெஷின்?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் மரம் வெட்டுறது, கவாத்து பண்றதுன்னு புதுசா தொழில் ஆரம்பிச்சிருக்கேன். ரெண்டு ஆளு, ஒரு குட்டி யானை, ரெண்டு பவர் சா. வெட்டுன கொப்பை ஏத்தி இறக்கவே பாதி நாள் போயிடுது. கொப்பை அரைக்கிற சிப்பர் மெஷின் சின்னதா ஒண்ணு வாங்கலாம்னு பாத்தா 7 ஹெச்பி, 15 ஹெச்பி, டிராக்டர்ல மாட்டுறதுன்னு கடைக்கு ஒண்ணு சொல்றாங்க. எதை எடுக்கட்டும்?
- பெயர் வேண்டாம், பொள்ளாச்சி

பதில்: ஹெச்பியை அப்புறம் பாப்போம்ங்க. உங்க வண்டியில ஏறுறது தென்னை மட்டை அதிகமா, இல்ல வேம்பு, தூங்குமூஞ்சி மாதிரி கொப்பு அதிகமான்னு முதல்ல கவனிங்க, ஏன்னா ரெண்டுக்கும் மெஷின் வேற. டிஸ்க் சிப்பர்ல சுத்துற தட்டுல ப்ளேடு இருக்கும், பச்சைக் கொப்பை அழகா சீவித் தள்ளிடும், ஆனா மட்டையை விட்டா நார் நாரா கிழிஞ்சு ஷாஃப்ட்ல சுத்திக்கும், நீங்க மெஷினை நிறுத்திட்டு கத்தியும் கையுமா அறுத்துட்டு உக்காந்திருக்கணும். மட்டைக்குன்னா சுத்தியல் வச்ச ஷ்ரெடர், இல்லன்னா ப்ளேடும் சுத்தியலும் சேந்தாப்ல வர்றது. பொள்ளாச்சியில தொழில் பண்ணிட்டு மட்டை வேண்டாம்னு சொல்ல முடியுமா, அதனால நான்னா சேந்து வர்றதைத்தான் எடுப்பேன்.

அடுத்தது வாய், அதாவது கொப்பை உள்ள விடுற இடம். 4 இன்ச் தடிமன் போகும்னு போட்டிருப்பாங்க, அது நேரான பச்சைக் கட்டை ஒண்ணே ஒண்ணு போனா. நாள் பூரா ஓட்டுறதுக்கு 2, 2½ இன்ச்னு வச்சுக்கோங்க, அதுக்கு மேல தடிச்சதை விறகுக்கு குடுத்தா காசாவது வரும். நம்ம ஊரு கொப்பெல்லாம் கவை கவையா இருக்கும், வாய் குறுகலா இருந்தா ஒவ்வொண்ணையும் அரிவாள்ல கழிச்சு விடணும், அப்புறம் மெஷின் எதுக்குங்க? வாய் அகலமா, முடிஞ்சா உள்ள இழுத்துக்கிற ரோலரோட பாருங்க. 7 ஹெச்பி வீட்டுத் தோட்டத்துக்கு, தொழிலுக்கு 15 பக்கம் போங்க. டிராக்டர் சொந்தமா இல்லாம, டிராக்டர்ல மாட்டி ஓட்டுற பிடிஓ மெஷின் வேண்டாம், டவுன்ல வீட்டு காம்பவுண்டுக்குள்ள நுழையவே நுழையாது.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி உங்க லோடையே ஏத்திட்டு கடைக்கு போயிடுங்க. டெமோவுக்கு அவங்க விடுற முருங்கைக் கொப்பை எந்த மெஷினும் அரைக்கும், காஞ்ச வேம்பும் ஈர மட்டையும் போட்டு பாருங்க. மட்டை தூளாக்குற மெஷின் வாடகைக்கு கிடைக்குமான்னு வேளாண்மைப் பொறியியல் துறை ஆபீஸ்லயும் கேளுங்க, கிடைச்சா ஒரு நாள் ஓட்டிப் பாத்தாலே பாதி விஷயம் புரிஞ்சிடும்.

செலவு வாங்குறதோட நிக்காது, ப்ளேடுலதான் போகும். தரையில இழுத்துட்டு வந்த கொப்புல மண் இருக்கும், ரோட்டோர மரத்துல போர்டு அடிச்ச ஆணி இருக்கும், ரெண்டும் ப்ளேடுக்கு எமன். ரெண்டு பக்கமும் முனை உள்ள ப்ளேடா ஒரு செட் கூடவே வாங்கிடுங்க, பக்கத்துல யாரு சாணை பிடிக்கறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க. தூளு சீரா விழாம நார் நாரா வந்தா சாணைக்கு நேரமாச்சுன்னு அர்த்தம்.

ஆளுங்க லுங்கி, துண்டு, தொளதொளன்னு கிளவுஸ் போட்டுட்டு மெஷின்கிட்ட வரவே கூடாது. மாட்டுனதை கையாலயோ காலாலயோ தள்ளக் கூடாது, நீளக் குச்சியால தள்ளட்டும். எஞ்சினை ஆஃப் பண்ணப்புறமும் தட்டு கொஞ்ச நேரம் சுத்தும், அது முழுசா நின்னு ஸ்பார்க் ப்ளக் வயரையும் கழட்டின பிறகுதான் மூடியைத் திறக்கணும்.

அரைச்ச தூளை தென்னை வட்டப்பாத்தியில மேலாக்க பரப்பிடலாம், மண்ணுக்குள்ள போட்டு கொத்தாதீங்க, மக்குற வரைக்கும் தழைச்சத்தை அது இழுத்துக்கும். தோப்பு ஓரத்துல குவிச்சும் போட்டுடாதீங்க, மக்குற குவியல்லதான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், அப்புறம் தோப்புக்காரர் உங்களை அடுத்த வேலைக்கு கூப்பிட மாட்டாரு.