வலது முழங்கால் மட்டும் ஏன் சுடுகிறது?

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். உடல் தன் மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதத்துக்கு பாக்டீரியாதான் காரணம் என்று இணையத்தில் படித்தது, அந்த நோய்க்காக ஆறு வருடமாகச் சாப்பிட்டு வந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நிறுத்திவிட்டு நீங்களே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் பத்து நாளாகச் சாப்பிடுவது, பேரனை மடியில் வைத்தால் அவனுக்கும் தொற்றிவிடுமோ என்ற பயம், எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, 'அப்புறம், முந்தாநாளிலிருந்து வலது முழங்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது, காலை ஊன்ற முடியவில்லை' என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அம்மா, விஷயமே அதுதான். இன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்லி உங்களுக்குத் தனியாக உடனே பதில் போட்டுவிட்டேன். இங்கே எழுதுவது உங்களைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்து.

முடக்குவாதம் பெரும்பாலும் இரண்டு பக்க மூட்டுகளையும் சேர்த்துத்தான் பிடிக்கும். மற்றதெல்லாம் எப்போதும் போல இருக்க, ஒரே ஒரு மூட்டு மட்டும் ஓரிரு நாளில் வீங்கி, தொட்டால் சுட்டு, கொஞ்சம்கூட மடக்க விடாமல் வலித்தால், உள்ளே கிருமி புகுந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். அனேகமாக அது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கிற பாக்டீரியா, ரத்தம் வழியாக மூட்டுக்குள் போய்விடும். ஏற்கெனவே பழுதான மூட்டு அதற்கு வசதியான இடம். கவனிக்காமல் விட்டால் சில நாட்களிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும், போன குருத்தெலும்பு திரும்ப வளராது. காய்ச்சல் இல்லையே என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம், காய்ச்சலே இல்லாமலும் இது வரும், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நல்ல மூட்டின் நீர் வெளிர் மஞ்சளாக, குழாய்க்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். கிருமி புகுந்த மூட்டில் கலங்கலாகவோ சீழாகவோ வரும். அதில் இருக்கும் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்போம். இங்கேதான் உங்கள் டாக்சிசைக்ளின் மேல் எனக்குக் கோபம்: அது கிருமியை முழுதாகக் கொல்லாமல் அரைகுறையாக அடக்கி வைத்து, பரிசோதனையில் எதுவும் வளராமல் செய்துவிடலாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நீங்கள் படித்தது முழுப் பொய் இல்லை. ஈறு நோயில் இருக்கும் ஒரு பாக்டீரியாவிடம் நம் புரதங்களை உருமாற்றும் நொதி இருக்கிறது, அப்படி மாறிய புரதங்களை எதிர்த்துத்தான் முடக்குவாதக்காரர்களின் உடல் சண்டை போடுகிறது. புதிதாக நோய் வந்தவர்களின் குடலில் பிரிவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா அதிகம் இருந்ததை 2013இல் கண்டார்கள். ஆனால் நோயைத் தூண்டிவிட்டிருக்கக்கூடிய ஒன்றை இப்போது கொன்றால் நோய் நின்றுவிடும் என்பது வேறு கதை. டாக்சிசைக்ளினின் உறவுக்கார மருந்தான மினோசைக்ளினை 1990களில் முறையாகவே சோதித்துப் பார்த்தார்கள், கொஞ்சம் பலன் கிடைத்தது, அதுவும் கிருமியைக் கொன்றதாலா, வீக்கத்தைத் தணிக்கும் குணம் அதற்குத் தனியாக இருப்பதாலா என்ற கேள்வியோடு. மெத்தோட்ரெக்சேட்டின் இடத்தை அதனால் பிடிக்க முடியவில்லை.

பேரனைப் பற்றிக் கவலையே வேண்டாம். முடக்குவாதம் ஒட்டாது.

மருத்துவமனையில் நுழைந்ததும் முடக்குவாதம் இருப்பதையும், இதுவரை சாப்பிட்ட மருந்துகளையும், ஒரே முழங்கால் இரண்டே நாளில் இப்படி ஆனதையும் சொல்லுங்கள். வலி மாத்திரை தந்து அடுத்த வாரம் வரச் சொன்னால், மூட்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டாமா என்று நீங்களே கேளுங்கள். அதைப் பார்க்காமல் முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட ஒப்புக்கொள்ள வேண்டாம். சரி, நிறுத்திய மெத்தோட்ரெக்சேட்? பயந்துபோய் இன்று இரவே திரும்ப ஆரம்பித்துவிடாதீர்கள், தொற்று இருந்தால் அது அடங்கும் வரை நாங்களே அதைத் தள்ளித்தான் வைப்போம். எப்போது தொடங்குவது என்பதை உங்கள் மூட்டு மருத்துவர் சொல்வார்.